மூன்றாவது மதிப்புரை

சென்னையிலிருந்து பதிப்பாளர் அழைத்தபோது நூரீன் தொழிற்சாலையில் இருந்தாள். அவள் எழுதிய ஒரே நாவலான ‘கடலூர் வண்டி’க்கு இரண்டாம் பதிப்பு போடப்போவதாக அவர் சொன்னார். வந்த மதிப்புரைகளிலிருந்து பின்னட்டைக்கு நான்கைந்து வரிகள் வேண்டும், பத்து நாளுக்குள் அனுப்பிவிடுங்கள் என்றார். நாவல் வந்து பத்து வருடம் ஆகிவிட்டது. இரண்டு மதிப்புரைகள் வந்தது அவளுக்கு நினைவிருந்தது. வெட்டிவைத்த தாள்கள் வீடு மாறும்போது தொலைந்துபோயிருந்தன.

ஊரின் ஓரத்திலிருக்கும் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் மருந்து அட்டைப்பெட்டி செய்யும் ஆலையில் தரம் பார்ப்பது அவள் வேலை. மறுநாள் மதியம் அனுமதி கேட்டுக்கொண்டு கிளம்பி, தாமரைச்செல்வி நூலகராக இருக்கும் கல்லூரிக்குப் போனாள். இருவரும் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள்.

நூரீன் கணினியில் நாவலின் பெயரைத் தட்டியதும் புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று வந்தது, அவ்வளவுதான். தாமரைச்செல்வி சிரித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். புத்தகப் பட்டியலில் புத்தகம்தான் கிடைக்கும், அதைப் பற்றி மற்றவர்கள் எழுதியது கிடைக்காது, அதற்குப் பத்திரிகைக் கட்டுரைகளின் அட்டவணையைப் பார்க்க வேண்டும் என்றாள். எந்த இதழில் எந்தப் பக்கத்தில் யார் எழுதினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். புத்தகம் வந்து இரண்டு மூன்று வருடத்துக்குள்தான் மதிப்புரை வரும் என்பதால் ஆண்டை அதற்குள் குறுக்கினாள். கட்டுரை வகையில் ‘மதிப்புரை’ என்பதை மட்டும் தேர்ந்தெடுத்தாள்.

நாவலின் பெயரைத் தட்டியதும் போக்குவரத்துக் கழகத்தைப் பற்றிய புத்தகங்களின் மதிப்புரைகளாக வந்து விழுந்தன. ஆசிரியர் பெயரில் தேடிப் பார்த்தார்கள். ஆங்கில எழுத்தில் மூன்று விதமாக எழுதியும் ஒன்றும் வரவில்லை. நூரீனுக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. எழுந்து ஜன்னல்வரை போய்த் திரும்பி வந்தாள். அப்போதுதான் பிறப்புச் சான்றிதழ் நினைவுக்கு வந்தது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த அப்பா, அவள் பெயரைப் பிரெஞ்சு முறையில் எழுத்துக்கூட்டிப் பதிந்திருந்தார். நாவலின் பதிப்புரிமைப் பக்கத்திலும் அப்படித்தான் அச்சாகியிருந்தது. அதைத் தட்டியதும் மூன்று பதிவுகள் வந்தன.

இரண்டு அவளுக்குத் தெரிந்தவை. மூன்றாவது, கடலூரிலிருந்து வந்து நின்றுபோன ஒரு சிற்றிதழில், 2016 மார்ச் இதழில் வந்தது. ஐந்து பக்கம்.

அந்த இதழ் இங்கே இல்லை. எந்த நூலகத்தில் எந்த இதழ் இருக்கிறது என்று காட்டும் கூட்டுப் பட்டியலில் தேடி, சென்னையில் ஒரு நூலகத்தில் இருப்பதைத் தாமரைச்செல்வி கண்டுபிடித்தாள். பக்கங்களைப் படமெடுத்து அனுப்பச் சொல்லிக் கோரிக்கை போட்டாள். மூன்று நான்கு நாள் ஆகலாம் என்றாள்.

அந்த நாட்களை நூரீனால் தள்ள முடியவில்லை. சின்ன நாவல் ஒன்றுக்கு எதற்கு ஐந்து பக்கம்? தலையில் தூக்கிவைத்திருக்க வேண்டும், இல்லை கிழித்துப் போட்டிருக்க வேண்டும். ஆலையில் ஒட்டுச் சரியில்லாத பெட்டிகளை நல்ல பெட்டிகளோடு அனுப்பிவிட்டு மேலாளரிடம் பேச்சு வாங்கினாள். வீட்டில் உலை வைத்துவிட்டு அரிசி போட மறந்தாள். சாயங்காலங்களில் நெல்லித்தோப்பு மார்க்கெட்டுவரை சும்மா நடந்து போய் எதுவும் வாங்காமல் திரும்பினாள். போகும்போதும் வரும்போதும் ஒரு தெருவை மட்டும் தவிர்த்துச் சுற்றிப் போனாள். அங்கேதான் அவளுடைய லாத்தா ஷாஜாதியின் வீடு.

உடன்பிறந்த அக்காவோடு பேசி ஒன்பது வருடமாகிறது. 2016 ஏப்ரலில் அம்மா இறந்தபோது நூரீன் ஆலைப் பயிற்சிக்காகப் பெங்களூரில் இருந்தாள். அவள் வந்து சேர்வதற்குள் நல்லடக்கம் முடிந்துவிட்டது. அன்று ஷாஜாதி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகும் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்க்க வராத கோபம் என்று நூரீன் எடுத்துக்கொண்டாள். அந்தக் குற்றவுணர்ச்சியில், போய்க் கேட்கும் தைரியம் அவளுக்கு வரவே இல்லை.

சனிக்கிழமை பதினொரு மணிக்குத் தாமரைச்செல்வி அழைத்தாள்.

“வந்துடுச்சு. ஆனா நான் மெயில்ல அனுப்பல. நீ இங்க வந்து படி.”

ஏன் என்று கேட்டதற்கு வாயேன் என்று மட்டும் சொன்னாள்.

ஐந்து தாள்களும் மேசைமேல் இருந்தன. முதல் மூன்று பக்கமும் பாராட்டுதான். தாமரைச்செல்வி இப்படி வரச்சொல்லாமல் இருந்திருந்தால் நூரீன் சந்தோஷத்தில் அழுதிருப்பாள். நான்காம் பக்கத்தில் ஒரு பத்தியைத் தாமரைச்செல்வி பென்சிலால் மெல்லக் கோடிட்டிருந்தாள்.

‘கணவனை விட்டுப் போய்விடுவது என்று முடிவெடுத்துக் கடலூர் பேருந்தில் ஏறும் அந்தப் பெண் கற்பனை அல்ல. நெல்லித்தோப்பில் வசிக்கும் தன் அக்காதான் அவர் என்று ஆசிரியரே என்னிடம் கூறினார். உண்மையில் அந்த அக்கா மூன்றே நாளில் திரும்பி வந்துவிட்டாராம். அவருக்கு இல்லாத துணிவை நாவலில் தங்கை கொடுத்திருக்கிறார்.’

முதலில் அப்படி எதுவும் சொல்லவே இல்லை என்றுதான் நூரீனுக்குத் தோன்றியது. பிறகு வெளியீட்டு விழா நினைவுக்கு வந்தது. கையில் டீக் கோப்பையோடு மெதுவாகப் பேசிய ஒருவர், எப்படி இவ்வளவு உண்மையாக எழுதினீர்கள் என்று கேட்டார். அன்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. சொல்லிவிட்டாள். துணிவைப் பற்றிய வார்த்தையும் அவள் சொன்னதுதான்.

கையெழுத்துப்படியை முதலில் படித்தவளே ஷாஜாதிதான். பேரையும் நான் இருக்குற ஊரையும் மாத்திடு, அப்புறம் யாருக்குத் தெரியப்போவுது என்று அன்று சிரித்தாள். நூரீனும் பேரை மாற்றினாள், ஊரை மாற்றினாள்.

தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தாள். அம்மா இறப்பதற்கு ஒரு மாதம் முன்னால் வந்த இதழ் என்பது மட்டும் வழியெல்லாம் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

கதவைத் திறந்த ஷாஜாதி உள்ளே வா என்று சொல்லவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. நூரீன் தாள்களை நீட்டினாள். ஷாஜாதி கையில் வாங்காமலே பார்த்தாள்.

“இப்பதான் படிக்கிறியா?”

“இப்படி ஒண்ணு வந்ததே எனக்குத் தெரியாது லாத்தா. சத்தியமா.”

“உங்க மச்சானோட அண்ணன் ஜெராக்ஸ் போட்டு எடுத்தாந்தாரு. அதோ, அந்த நாற்காலியில ஒக்காந்து இவரு படிச்சாரு.”

அதன்பிறகு நடந்ததை உள்ளே உட்காரவைத்துத்தான் சொன்னாள். அவள் கணவர் ஷஃபீக் கத்தவில்லை, கை ஓங்கவில்லை. அந்த மூன்று நாளும் அவள் சிநேகிதி வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தாள் என்றுதான் அவர் அதுவரை நம்பியிருந்தார். படித்து முடித்துத் தாளை மடித்துக் கொடுத்துவிட்டுச் செருப்புக் கடைக்குப் போய்விட்டார். ஆனால் அன்றிலிருந்து அவள் வாசல்படி தாண்டினால் எத்தனை மணிக்கு வருவாய் என்று கேட்கிறார். மருந்துக் கடைக்குப் போனாலும் கேட்கிறார். ஒன்பது வருடமாகக் கேட்கிறார்.

இரண்டாம் பதிப்பை நிறுத்திவிடுகிறேன் என்று நூரீன் சொன்னாள். அது இல்லை என்பதுபோல ஷாஜாதி தலையை ஆட்டினாள்.

“புக்க நான் ஒண்ணும் சொல்லல. நல்லாதான் எழுதியிருந்த. அவரு கேக்குறதக் கூடத் தாங்கிக்கினேன். எனக்குத் துணிவு இல்லன்னு ஊருக்குச் சொன்ன பாரு, அதான். நான் இன்னாத்துக்குத் திரும்பி வந்தேன்னு நீ ஒரு நாளாவது கேட்டியா?”

நூரீன் கேட்டதே இல்லை. போனதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறாள், எந்தப் பேருந்து, எந்த இருக்கை, கையில் என்ன பை என்று. மன்னிச்சிடு என்று சொல்ல வாயெடுத்தாள். அந்த வார்த்தை போதாதென்று அவளுக்கே தெரிந்தது.

“இப்பக் கேக்குறேன் லாத்தா.”

“சொல்ல மாட்டேன். எழுதிடுவ.”

சொல்லும்போது ஷாஜாதியின் உதட்டோரம் லேசாக அசைந்தது. அது சிரிப்பா என்று நூரீனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஷஃபீக் சாப்பிட வந்தார். நூரீனைப் பார்த்துத் தயங்கி, நல்லா இருக்கியாம்மா என்று கேட்டார். ஷாஜாதி அவருக்குச் சோறு போட்டு வைத்தாள். புர்காவை எடுத்து மாட்டிக்கொண்டு, மார்க்கெட்டுக்கு வரியா என்று தங்கையைக் கேட்டாள். எத்தனை மணிக்கு வருவீங்க என்று ஷஃபீக் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

“தெரியாது” என்றாள் ஷாஜாதி.

அவர் பிசைந்த கை அப்படியே நின்றது. ஆனால் மறுபடி கேட்கவில்லை.

மார்க்கெட்டில் வீராம்பட்டினத்து மீன்காரம்மாவிடம் ஷாஜாதி சங்கரா மீனைப் புரட்டிப் பார்த்து வாங்கினாள். நூரீன் சற்றுத் தள்ளி நின்று பதிப்பாளரை அழைத்து, பின்னட்டையை வெறுமையாகவே விட்டுவிடச் சொன்னாள். அவருக்குப் புரியவில்லை. மதிப்புரையே கிடைக்கவில்லையா என்று கேட்டார். கிடைத்தது, வேண்டாம் என்றாள்.

திரும்பும்போது இருவரும் வீட்டுத் தெருவில் திரும்பவில்லை. நேராக நடந்தார்கள். ஷாஜாதி மீன் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு, தானாகவே ஆரம்பித்தாள்.

“என்னை யாரும் கூப்புட வரல, தெரியுமா? மூணாம் நாள் நானாதான் வந்தேன். கடலூர்ல, காலையில எழுந்து ஒக்காந்து யோசிச்சேன்...”

நூரீன் குறுக்கே எதுவும் கேட்காமல் அவளோடு நடந்தாள்.