அப்பா வந்த கடல் வழி

யசோதினி எனக்குத் தங்கை முறை. காதலிப்பவனுக்கு இதைவிடக் கேவலமான தடை கிடையாது. அவளுடைய அப்பா அங்கமுத்துவும் என் அப்பா கணபதியும் பங்காளிகள். இருவரின் பாட்டன்மாரும் அண்ணன் தம்பிகளாக நமுனுகுலத் தோட்டத்துக்கு வந்தவர்களாம். குலசாமியும் ஒன்று. பங்காளி வீட்டில் பெண் கேட்டால் செருப்படிதான் மிச்சம்.

பதுளையில் என்னோடு படித்த முன்ஸிப் இப்போது மரபணு ஆராய்ச்சி செய்கிறான். தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் இறங்கிவரும் ஒரு கூறு உண்டாம். அதைப் பிடித்துக்கொண்டே போனால் ஆதிப் பாட்டனின் திசை தெரியுமாம். சம்மதம் வாங்கி, இரண்டு அப்பாக்களின் கன்னத்துக்குள்ளும் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்துப் போனான். ஓசித் தேத்தண்ணிக்கு வந்தான் என்றுதான் நான் நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவோடு எங்கள் தோட்டத்து லய வீட்டுக்கு வந்தான்.

"அங்கமுத்து அங்கிளோட வழி தென்னிந்தியா. கணபதி அங்கிளோடது கிழக்க, ஜாவா, போர்னியோ பக்கத்துத் தீவு. பாய்மரப் படகுல கடல் கடந்த ஆளுங்க. அதுல ஒருத்தர் எப்பவோ இந்தியாக் கரையில இறங்கிட்டாரு போல."

"படகா? எனக்கு லுணுகலை பஸ்ல ஏறினாலே வாந்தி வருமேப்பா!" என்றார் அப்பா.

"அப்ப ரெண்டு பேரும் ஒரே தகப்பன் வழி இல்லையா?" என்று கேட்டேன்.

"இல்லவே இல்ல. ஆயிரக்கணக்கான வருஷமா வேற வேற."

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது. பக்கத்து ஜன்னலில் யசோதினியின் தலை தெரிந்து மறைந்தது.

அங்கமுத்துச் சித்தப்பா மட்டும் எழுந்து போய், தண்ணீர் விழும் பீலியடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். அப்பா பின்னாலேயே போனார்.

"ஒரே காம்பிராவுல குடிவைக்கிறதுக்கு அந்தக் காலத்துக் கங்காணி நம்ம பாட்டன்மார அண்ணன் தம்பின்னு சொல்லியிருப்பான், முத்து. விடு."

"எங்கப்பா செத்தப்ப நீங்களும் மொட்ட போட்டீங்களே அண்ணே. இனி நான் செத்தா மொட்ட போட ஒரு பங்காளி இல்லாமப் போச்சே."

எனக்குச் சந்தோஷம் அத்தனையும் வடிந்துவிட்டது. அவருக்கு இருந்த ஒரே அண்ணனை நாங்கள் பிடுங்கிக்கொண்டோம்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அந்த ஜன்னலைப் பார்த்தார். மனிதருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது!

"மொட்ட போட வேற ஆளப் பாரு. ஒன் சாவுக்கு நான் சம்மந்தியா கோடித்துணி எடுத்துக்கிட்டு வர்றேன்."

சித்தப்பா பீலித் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பினார்.

"அது கெடக்கட்டும். மொதல்ல பரிசம் போட வாங்க, மச்சான்."