முகமூடி எரிகிற வரைக்கும்

...மூக்கைத்தான் கொஞ்சம் பெரிதாக வைத்துவிட்டோமோ என்று நசாரியோவுக்கு இன்றைக்கும் தோன்றியது, தோல் முகமூடிக்குள்ளே வியர்வை வழிந்து உதட்டோரம் வந்து நின்றது, உப்பு, துடைக்க வழியில்லை, பல்லுக்கு நடுவே ஜெபமாலையின் சிலுவை, முகமூடி போட்டவன் பேசக் கூடாது, பேசினால் தோலுக்குள் குடியிருக்கிற யூதாஸ் மனுஷனுக்குள் இறங்கிவிடுவான், அதனால் தவக்காலம் முழுக்கச் சிலுவையைக் கடித்துக் கடித்துக் கடைவாய்ப் பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது... மூக்கு பண்ணைக் காரியஸ்தருடைய மூக்கு. காரியஸ்தரே ஒருநாள் வந்து, இது யாருடைய மூக்கு என்று கேட்டார், யாருக்கும் தெரியவில்லை, அவர் மனைவிதான் முதலில் சிரித்தாள். அந்த மூக்கும் இன்று மத்தியானம் எரிந்துவிடும். தவக்காலம் முடிகிற மகிமை மணி அடித்ததும் எல்லா முகமூடியும் தீயில் விழும், கோயிலுக்குள் ஓடி மண்டியிட்டால் யூதாஸ் போய்க் கிறிஸ்தவன் வந்துவிடுவான், அவ்வளவுதான், வருஷா வருஷம் நடக்கிறதுதான். இந்த வருஷம் என்னவென்றால் கருவேல மரத்தடியில் லெப்டினென்ட் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

சோம்பேறி மனுஷர். ஒரு விதத்தில் புத்திசாலியும்கூட. பகதேத்தே மலையில் சர்க்காரை எதிர்த்துச் சண்டை போடுகிறவர்களுக்கு வெடிமருந்து தூக்கிப் போகிற நசாரியோ என்பவன் இந்த முகமூடிக் கூட்டத்துக்குள்தான் இருக்கிறான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, ஒவ்வொருவனாகப் பிடித்துத் தோலை உரிக்கலாம்தான், உரித்தால் பெண்கள் அழுவார்கள், காரியஸ்தர் அறுப்பு கெடுகிறது என்று மேலே எழுதுவார், வெயில் வேறு, பல்லிகள் ஒன்றின் காலை ஒன்று கடன் வாங்கி மணலைக் கடக்கிற வெயில்... "எதுக்கு அலையணும்? மத்தியானம் அவனவன் மூஞ்சிய அவனவனே வெளிய எடுக்கப் போறான். எடுக்கட்டும், பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை முகத்தின் மேல் கவிழ்த்துக்கொண்டாராம். பக்கத்தில் தரையில் குத்தவைத்திருந்தவன் தியோபிலோ. யோரிகளுக்கு, அதாவது வெளியிலிருந்து வந்து ஆள்கிற சனத்துக்கு, ஆள் காட்டுகிறவன். நசாரியோவின் மச்சான், அவன் மனைவி இக்னாசியாவோடு கூடப் பிறந்த அண்ணன்.

மச்சானுக்கு எப்படித் தெரிந்தது என்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. நேர்த்திக்கடன் வைத்த அன்று மச்சானும் பக்கத்தில்தானே இருந்தான். இக்னாசியாவுக்குக் காய்ச்சல், உடம்பு கொதித்தது, அடுப்பில்லாமல் ரொட்டி சுடலாம் போல, அப்போதுதான் நசாரியோ, இவள் பிழைத்தால் மூன்று தவக்காலம் முகமூடி போடுகிறேன் என்று சொன்னான். பிழைத்துவிட்டாள். சாமி கேட்டதைக் கொடுத்துவிட்டது, அதில் குறை சொல்லக் கூடாது. பிழைத்ததனால்தான் போன வருஷம் குவைமாஸ் துறைமுகத்தில் கப்பலேற்ற ஆள் இருந்தது. அவன் மலையில் இருந்தான், அவள் ஆற்றங்கரையில் துணி அலசிக்கொண்டிருந்தாள், ஈரத் துணியோடு சிப்பாய்கள் கூட்டிப்போனார்களாம், தெற்கே யுகதானில் கத்தாழைத் தோட்டம், நார் உரிக்கிற வேலை... இதை நினைத்தால் நெஞ்சில் ஏதாவது ஆக வேண்டும் அல்லவா? ஆகவில்லை. வெகுநேரம் ஒரே பக்கமாகப் படுத்தால் கை மரத்துப்போகுமே, அது மாதிரி, தன்னுடைய கைதான், ஆனால் யாரோ பக்கத்தில் வைத்துவிட்டுப் போனது போலக் கிடக்கும். இது மூன்றாவது தவக்காலம், கடைசிக் கடன். மலையிலிருந்து இறங்கி வந்து பேரை மாற்றிச் சொல்லிப் பண்ணையில் சேர்ந்தான், முகமூடிக்குள் புகுந்தான். மச்சானுக்குக் கணக்குத் தெரியும். இவன் கடனை வைத்துவிட்டு எங்கும் போகமாட்டான், எந்தக் கூட்டத்திலாவது ஒரு யூதாஸாக இருந்தே தீருவான் என்று தெரியும்.

மச்சானோடு யோரிகள் பேசிய பேரமும் ஊருக்கே தெரியும். வெடிமருந்து தூக்குகிறவனைக் காட்டு, உன் தங்கையைத் திரும்பி வருகிற கப்பலில் ஏற்றிவிடுகிறோம். கடைவாசலில் எல்லோர் முன்னாலும் தியோபிலோ சொன்னானாம், "நம்ம சனத்தோட எட்டு ஊரையும் வித்தாவது எந்தங்கச்சியக் கூட்டியாருவேன். காறித் துப்புறவன் இப்பவே துப்பிக்கிடுங்க." துப்பினார்கள். துடைத்துக்கொண்டு போய்விட்டானாம். யோரி கொடுத்த வாக்கு... யோரியின் வாக்கை நம்பி ஒரு முறை நசாரியோவின் அப்பா துப்பாக்கியைக் கீழே வைத்தார், வைத்த இடத்திலேயே அவரையும் வைத்தார்கள். ஆனாலும் ஒருவேளை? நூறில் ஒரு லெப்டினென்ட் பொய் சொல்லாமல் இருக்கலாம், சோம்பேறித்தனத்தினாலாவது. அப்படியானால் நசாரியோ பிடிபட்டால் இக்னாசியா வருவாள். அவன் தெற்கே போகிற கப்பலில், அவள் வடக்கே வருகிற கப்பலில், நடுக்கடலில் பார்த்துக்கொண்டால் என்ன சொல்வாள்? அடுப்பை அணைச்சியா என்று கேட்பாள்.

"டேய் யூதாசு" என்று பக்கத்தில் குரல் கேட்டது, கூத்துக்கிழவர் திபூர்சியோ, காலில் கூட்டுப்புழுக் கூடுகளைக் கோத்த சலங்கை, தலையில் மெழுகுவர்த்தி மாதிரி நட்டுக்கொண்ட குடுமி, விழாவில் எவனை வேண்டுமானாலும் கேலி பேச உரிமை உள்ள ஆள். "என்னடா முழிக்கிற, ஓட்டைக்குள்ள கண்ணு தெரியுதுல்ல. நான் யுகதான் போயிட்டு வந்தவன், தெரியுமா? அங்க கத்தாழ ஒரு மடல் எம்புட்டு நீளம்ங்கிற, மேலேருந்து வழுக்கி விட்டா தரைக்கு வர்றதுக்குள்ள தாடி மொளச்சிரும். எங்கழுதைதான் நீச்சலடிச்சுக் கூட்டியாந்துச்சு. வந்து சேர்ந்ததும் சேணம் நனைஞ்சுபோச்சுன்னு எங்கிட்டச் சண்டை." சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள், கிழவர் சிரிக்கவில்லை, முகமூடியின் பெரிய காதருகே வந்தார். "ஓடுறதுன்னா இப்பவே ஓடுரா. மத்தியானத்துக்கு மேல உனக்கு மூஞ்சி இருக்கும்." நசாரியோ இடது கையால் முதுகுப்பக்கமாக ஒரு சலாம் வைத்தான், யூதாஸ்கள் எதையும் நேராகச் செய்வதில்லை. பிறகு என்ன தோன்றியதோ, நேரே லெப்டினென்டின் குதிரையிடம் போய் அதன் பின்பக்கத்துக்கு முன்னால் மண்டியிட்டு, மரக்கத்தியை நெஞ்சில் வைத்துப் பயபக்தியோடு வணங்கினான். சிப்பாய்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், லெப்டினென்ட் தொப்பியைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி கவிழ்த்துக்கொண்டார். தியோபிலோ மட்டும் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான். மெலிந்துபோயிருந்தான். சட்டைக் கழுத்து பெரிதாகத் தெரிந்தது.

ஓடலாம்தான். யார் தடுக்கப் போகிறார்கள்? கோயிலுக்கு மூன்று முறை பாய்ந்து பாய்ந்து திரும்புகிற சடங்கில் எல்லா யூதாஸும் ஓடத்தான் போகிறான், ஒருவன் மட்டும் திரும்பாமல் அப்படியே கருவேலங்காட்டுக்குள் போய்விட்டால் சிப்பாய்கள் அதையும் விளையாட்டு என்று நினைத்துக் கைதட்டுவார்கள். மாலைக்குள் மலையடிவாரம். ஆனால் முகமூடியோடு போனவன் என்ன ஆவான்? எரியாத முகமூடி கழன்று வராது என்பார்கள், கழற்றிக் கல்லில் அடித்தாலும் உள்ளே இருந்தவன் உனக்குள்ளே இருப்பான், செத்தாலும் யூதாஸாகவே சாவாய். யோரி ஒருவனிடம் இதைச் சொன்னால், அடப் பைத்தியக்காரா, தோலைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடேன் என்பான். சொல்வான். அவனுக்கென்ன, மூன்று வேளையும் நேராகவே நடக்கிறவன்... சரி, அப்படியானால் கடனுக்காகத்தான் நிற்கிறேனா? இல்லை இக்னாசியாவுக்காகவா? இல்லை, கால் மரத்துப்போய்விட்டதா? மூன்றில் எது என்று தெரிந்தால் நன்றாயிருக்கும். ஜெபம் சொல்லப் பார்த்தான், பரலோகத்திலிருக்கிற... பரலோகத்திலிருக்கிற... அங்கே வெயில் எப்படி என்று யோசனை ஓடிவிட்டது.

முதல் பாய்ச்சலில் கோயில் வாசலில் நின்ற பெண்களும் சம்மனசு வேஷம் போட்ட குழந்தைகளும் பூவை அள்ளி எறிந்தார்கள், பூ பட்டால் யூதாஸ் சாக வேண்டும், செத்துப் பின்வாங்கினான். இரண்டாம் பாய்ச்சலில் மான் ஆட்டக்காரன் தலையிலிருந்த மான் தலை வெயிலில் கண் சிமிட்டியது போல் இருந்தது, பூ, மறுபடி செத்தான். காடு வலது கைப்பக்கம்தான் இருந்தது. காடு அங்கேயேதான் இருந்தது, அவனைக் கூப்பிடவில்லை. மூன்றாவது பாய்ச்சலில் மணி அடித்துவிட்டார்கள். அவ்வளவு நேரம் யோசித்த யோசனை எல்லாம் வீண், கைகள் தாமாகவே போய் முகமூடியைத் தூக்கிக் குவியலில் எறிந்தன, மரக்கத்தியும் போயிற்று, நடுவே நட்டிருந்த வைக்கோல் யூதாஸ் பொம்மையில் தீப் பிடித்துக்கொண்டது, காரியஸ்தரின் மூக்கு சுருங்கிச் சுருங்கிச் சின்ன மூக்காகி நல்ல மூக்காகி இல்லாமல் போயிற்று. பின்னாலிருந்து ஒரு துணி தலையில் விழுந்தது. அவனுக்கு இந்த வருஷத்து ஞானத்தாய் ரெஃபூகியா, மாவரைக்கிற கை, கழுத்தைப் பிடித்தால் எருது நிற்கும். "ஓடு, ஓடு, குனிஞ்சு ஓடு, எரும மாடு" என்று தள்ளிக்கொண்டே பீடத்துக்கு முன்னால் கொண்டுபோய் மண்டியிட வைத்தாள். சிலுவையை வாயிலிருந்து எடுத்தாள், எச்சில் நூலாக வந்தது, தன் பாவாடையில் துடைத்தாள். "முடிஞ்சுது ராசா. கடன் தீந்துச்சு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வர்றான்" என்றாள்.

வரிசையாக மண்டியிட்ட முகங்களைப் பார்த்துக்கொண்டு லெப்டினென்ட் வந்தார், பக்கத்தில் தியோபிலோ. வெயில் படாத முகங்கள், எல்லாம் மண்ணுக்குள்ளிருந்து அப்போதுதான் பிடுங்கிய கிழங்கு மாதிரி வெளுத்திருந்தன. ஒவ்வொருவனிடமும் நின்று, இல்லை, இல்லை, இல்லை. நசாரியோ தலையைத் தூக்கிக்கொண்டான். மறைக்கத் தோன்றவில்லை, சரி காட்டிவிடு மச்சான், கப்பல் வரட்டும் என்று சொல்லத் தயாராக இருந்தான், அல்லது அப்படித் தயாராக இருந்ததாகப் பிற்பாடு நினைத்துக்கொண்டானோ என்னவோ. தியோபிலோவின் கால் வந்து நின்றது. பிறகு முகம். மச்சான் அவனை முழுசாகப் பார்த்தான், நெற்றி, கண், மோவாய்த் தழும்பு, அந்தத் தழும்பை உண்டாக்கியவனே அவன்தான், பையன்களாக இருந்தபோது கல்லால். குனிந்து பார்த்தபோது சட்டைக் கழுத்து விலகியது, உள்ளே ஒரு கறுப்புக் கயிறு.

"இவன் இல்ல."

"நல்லாப் பாருடா" என்றார் லெப்டினென்ட். "கண்ணு தெரியுதா இல்லையா?"

"பாத்துட்டேன் எசமான். எந்தங்கச்சி புருசன எனக்குத் தெரியாதா? அவன் இங்க இல்ல, வேற ஊர்ல பாப்போம்."

போய்விட்டார்கள். கடைசி ஆள் வரை இல்லை, இல்லை. வெளியே லெப்டினென்ட் நாற்காலியை உதைக்கிற சத்தம், குதிரைகள், புழுதி. ரெஃபூகியா முதுகில் ஓர் அடி வைத்தாள், "மூச்ச விடுரா, புடிச்சு வச்சு என்ன பண்ணப் போற, விக்கவா போற?" விட்டான். அவள் அழுதாள், சிரித்தாள், ரத்தம் ரத்தந்தான்யா, என்ன இருந்தாலும் மச்சான்ல என்றாள். பந்தலில் உட்கார வைத்து எலும்பும் கொண்டைக்கடலையும் போட்ட குழம்பை முன்னால் வைத்தார்கள், தொடையகலக் கோதுமை ரொட்டி, திபூர்சியோ வந்து அவன் முகத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, "முந்தி இருந்ததே தேவலாம், மூக்காவது இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லோரும் சிரித்தார்கள், அவனும் வாயைச் சிரிக்கிற மாதிரி வைத்துக்கொண்டான். ரத்தம் ரத்தந்தான்... ஆனால் தியோபிலோ அப்படிப்பட்டவன் இல்லையே. மச்சான் மாப்பிள்ளை என்று பார்க்கிறவன் இல்லை, எட்டு ஊரையும் விற்பேன் என்றால் விற்பான், எட்டாவது ஊருக்குப் பேரம் பேசமாட்டான். கையில் கிடைத்த ஒரே ஆளை ஏன் விட்டான்? விட்டால் தங்கை எப்படி வருவாள், அதை அவன் யோசிக்காமலா... அந்தக் கயிறு. சாவு விழுந்த வீட்டுக்காரன் ஒரு வருஷம் கழுத்தில் கட்டுகிற கயிறு, வருஷம் திரும்பினால் அறுத்துவிடுவார்கள். புதுக் கயிறு, வியர்வையில் இன்னும் சாயம் போகாமல் கழுத்தில் ஒட்டியிருந்தது. யாருக்கு? அவன் அம்மா போய் வெகுகாலம், அந்தக் கயிற்றை அறுத்த விருந்தில் நசாரியோவே சாப்பிட்டிருக்கிறான். அப்பா மசகோபாச் சண்டையில், அதற்கும் முந்தி. பெண்டாட்டி கட்டவில்லை. தம்பிகள் கிடையாது. ஒரு சித்தப்பா இருந்தார் அல்லவா, கொக்கோரித் பக்கம், ஒரு கண் பூவிழுந்தவர், அவர் போயிருக்கலாம், வயசாளிதானே, போயிருப்பார். அல்லது ஒரு பெரியம்மா. மச்சானுக்குப் பெரியம்மா உண்டா?

"என்ன பாத்துக்கிட்டே இருக்க, ஆறிப்போகுது" என்றாள் ரெஃபூகியா, அவள் தியோபிலோவின் தெருக்காரி, அந்த வீட்டில் யார் பிறந்தார், யார் போனார் எல்லாம் விரல்நுனியில் வைத்திருக்கிறவள், கேட்டால் சட்டென்று சொல்லிவிடுவாள். நசாரியோ வாயைத் திறந்தான். திறந்தபிறகு, அதற்குள் ஏதாவது போட வேண்டுமே என்று ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்தான்.