துவைக்காத போர்வை

வெளியிலிருந்து எந்தத் துணி வந்தாலும் முதலில் கொதிநீரில் போடு, பிறகு பேசு. பிலிப்பைன்ஸில், இலோய்லோ ஊரில், திருச்சபை நடத்தும் எங்கள் பிள்ளைகள் காப்பகத்தில் இதுதான் சட்டம். போட்டவளே நான்தான். ஒரு மழைக்காலத்தில் பதினான்கு பிள்ளைகளுக்கும் சொறி பிடித்து, அவர்களோடு சேர்ந்து நானும் சொறிந்துகொண்டு கிடந்தபோது போட்ட சட்டம்.

அதனால், எங்கள் பிள்ளை லிகாயாவைத் தத்தெடுக்க இருந்தவர்கள் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய மஞ்சள் போர்வை பிளாஸ்டிக் பையில் வந்தபோது பையைக் கிழித்தேன், அண்டாவில் போட்டேன். கூட இருந்த கடிதத்தை மத்தியானம்தான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'தயவுசெய்து துவைக்க வேண்டாம். நாங்கள் ஒரு மாதம் இதைப் போர்த்திப் படுத்திருக்கிறோம். எங்கள் வாசனை குழந்தைக்குப் பழகட்டும்.' போர்வை அப்போது கொடியில் சோப்பு மணக்கக் காய்ந்துகொண்டிருந்தது.

சலவை பார்க்கும் பெலென் வயிறு குலுங்கச் சிரித்தாள்.

"ஐயோ பெலிசா, அவங்க ஒரு மாசம் வேர்த்ததை நீ ஒரு மணி நேரத்துல கஞ்சி காய்ச்சிட்டியேடி!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன வருஷம் அவளைத் தத்தெடுக்க வேறொரு தம்பதி வந்தார்கள். லிகாயா மூன்று நாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறினாள். ஒரு வாய் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் அந்த ஆள், இந்தக் குழந்தையைக் கடவுள் எங்களுக்கு வைக்கவில்லை என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டார். கடவுள் எல்லாரிடமும் என்னென்னவோ பேசுகிறார். என்னிடம் மட்டும் துணி துவைக்கத்தான் சொல்கிறார்.

"நானாய் பெலி, அவளுக்கு ஆறு வயசு ஆகப் போகுது. இவங்களும் திரும்பிப் போனாங்கன்னா அப்புறம் யாரும் வர மாட்டாங்க" என்று எங்கள் சமூகப் பணியாளர் ரோனா சொல்லியிருந்தாள். நானாய் என்றால் அம்மா, இங்கே சின்னவர்கள் எல்லாரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அது எனக்கும் தெரியும். அப்படித் தங்கிப்போன பிள்ளைகளைப் பதினெட்டு வயதில் வாசல் வரை கொண்டுவிட்டவளும் நான்தானே.

படுக்கும் நேரத்தில் லிகாயாவுக்குப் போர்வையைக் கொடுத்தேன். மூக்கை வைத்து இழுத்துப் பார்த்தாள். எங்கள் ஊரில் முத்தமே அப்படித்தான், உதட்டால் இல்லை, மூக்கால்.

"நானாய், இதுல யாருமே இல்ல" என்று சொல்லிக் காலால் தள்ளினாள்.

வாராவாரம் தத்து ஏஜென்சியிலிருந்து ரோனாவுக்குப் போன் வந்தது. போர்வையோடு தூங்குகிறாளா? தூங்குகிறாள் என்று சொல்லச் சொன்னேன். இந்த வயதில் ஒரு பொய்.

"நீயே போத்திக்கிட்டுப் படேன்" என்றாள் பெலென். "வேர்வையில என்னடி அமெரிக்கா வேர்வை, இலோய்லோ வேர்வை?"

விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் படுத்தேன். பத்து நாள் என் தேங்காய் எண்ணெய்த் தலையும் வினிகர்க் கையும் அந்தப் போர்வையில் ஊறின. கொண்டுபோக அவளுக்கு ஏதாவது ஒன்று வேண்டுமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கொஞ்சம் பொறாமையும் இருந்தது, மறைப்பானேன். இருபத்திரண்டு வருஷமாகப் பிள்ளைகளை வளர்த்து வளர்த்து யாருக்கோ கொடுக்கிறேன். அலுத்துப்போய்விட்டது. பதினோராம் நாள் லிகாயா போர்வையை முகர்ந்தாள், சுருட்டிக் கக்கத்தில் வைத்தாள், அவ்வளவுதான். அதன்பிறகு சாப்பிடும்போதுகூட கீழே வைக்கவில்லை.

போர்வை அனுப்பிய மார்லாவும் அவள் புருஷன் டக்கும் வந்தார்கள். மார்லா பள்ளிக்கூடத்தில் சமைப்பவள், கனத்த உடம்பு, எங்கள் வெயிலில் தக்காளியாகச் சிவந்துபோனாள். ஐந்து நாள் காலையில் வந்து சாயங்காலம் வரை தரையில் உட்கார்ந்து லிகாயாவோடு விளையாடினார்கள். லிகாயா போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வாள், எட்டிப் பார்ப்பாள், மறுபடி புதைப்பாள். அழவில்லை. அரோஸ்கால்டோ கஞ்சியை மார்லா கையால் ஊட்ட, முழுக் கிண்ணமும் தின்றாள்.

"எங்க வாசனை அவளுக்குத் தெரியுது பாருங்க" என்று சொல்லி மார்லா அழுதாள். ரோனா அதை எனக்கு மொழிபெயர்த்தாள். போதகர் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆமென் வாயில் வரவில்லை.

ஆறாம் நாள் காலை வழியனுப்பும் ஜெபம் முடிந்தது. வேன் வாசலில் நின்றது. மார்லா போர்வையின் அழுக்கு ஓரத்தைப் பிடித்துச் சிரித்தபடி ஏதோ சொன்னாள்.

"ஹோட்டலுக்குப் போனதும் முதல் வேலையா இதைத் துவைக்கணுமாம்" என்றாள் ரோனா.

"வேண்டாம்னு சொல்லு!" என்று கத்திவிட்டேன்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏன் நானாய்?" என்றாள் ரோனா.

என்ன சொல்வேன்? உண்மையைச் சொன்னால் இத்தனை நாள் அந்தப் பெண் பட்ட சந்தோஷம் போய்விடும். சொல்லாவிட்டால் ஒரு தடவை துவைத்ததும் லிகாயாவுக்கு எல்லாம் போய்விடும். சண்டை எதற்கு என்று நினைத்தாளோ என்னவோ, மார்லா என்னை அணைத்து, எங்கள் வழக்கப்படி கன்னத்தில் மூக்கை வைத்து இழுத்தாள். ரோனாதான் கற்றுக்கொடுத்திருப்பாள்.

இழுத்தவள் அப்படியே நின்றாள். போர்வையைத் தூக்கி முகர்ந்தாள். மறுபடி என் கழுத்தோரம் வந்து முகர்ந்தாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அவள் ரோனாவிடம் மெதுவாகப் பேசினாள். ரோனா என்னைப் பார்த்தாள், அவள் கண் கலங்கியிருந்தது.

"போர்வையைத் துவைக்க மாட்டாங்களாம் நானாய். நீங்க கட்டியிருக்கிற ஏப்ரனையும் தருவீங்களான்னு கேக்குறாங்க. போர்வையில வாசனை போயிடுச்சுன்னா வேணுமாம்."

"இதையா? காலையில கருவாடு வறுத்தது. நாறுதே!"

"அப்படியேதான் வேணுமாம்."

கழற்றிக் கொடுத்தேன். மார்லா அதை மடித்து, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றுப் போகாமல் இறுக்கி மூடினாள்.

லிகாயா வேனில் ஏறி, போர்வையில் முகம் புதைத்து உட்கார்ந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்றுதான் இத்தனையும் செய்தேன், ஆனாலும் ஒரு தடவை பார்த்திருக்கலாம்.