இன்னும் தூரமா எறி

பஸ் டெப்போவில் டயர் மாற்றும் அந்த மனுஷனுக்குத் தமாசு என்று பட்டப்பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. நாலு பேர் கூடிவிட்டால் போதும், ஆளுக்கு வாய் நிற்காது. கேட்கிறவர்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகிவிடும். அவன் வீட்டுக்காரிக்கு எங்கே புண்ணானது என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

அவளுக்குத் துணி ஆலையில் இஸ்திரிப் பிரிவு. வேலை முடிகிற வரைக்கும் போனைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். அன்று சாயங்காலம் போனை வாங்கிக்கொண்டு வெளியே வந்தால், வாசலில் தமாசு பைக்கோடு நிற்கிறான்! பின்னால் ரெண்டு தூண்டில் கோல்.

"ஏறு. இன்னிக்கு நீயும் கடலுக்கு வா."

"நானா? எதுக்குங்க?"

"உங்கம்மா விஷயத்த அங்க வெச்சு முடிச்சுடுவோம்."

அவள் உடனே ஏறி உட்கார்ந்தாள். அம்மாவுக்கு ஒரு பக்கம் கையும் காலும் விழுந்து போய், தம்பி வீட்டில் கிடந்தாள். தம்பி பெண்டாட்டி இனி முடியாது என்று ஒரே பிடியாக நின்றுவிட்டாள். ஊர்க்கோடியில் ஒரு முதியோர் இல்லத்தில் சொல்லியாகிவிட்டது. "அக்கா, நீ வெச்சுக்கறதா இருந்தா இன்னிக்கு ராத்திரிக்குள்ள சொல்லிடு. இல்லேன்னா நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போயிடுவாங்க" என்று தம்பி கெடு வைத்திருந்தான். வீட்டில் பின்னறை சும்மாதான் கிடந்தது. தமாசு வாயிலிருந்து ஒரு 'சரி' வர வேண்டும், அவ்வளவுதான். அந்த மகராசன் 'முடியாது' என்றாவது சொல்லித் தொலைத்தானா? நாள் முழுக்கக் கெஞ்சினாலும் "பாக்கலாம், பாக்கலாம்" என்றே இழுத்தடித்தான். அவள் கெஞ்சுவது அவனுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

கடற்கரையில் அவன் கூட்டாளிகள் ரெண்டு பேர் முன்னமே தூண்டிலோடு நின்றார்கள். ஒருத்தர் டாக்சி ஓட்டுகிற அண்ணன், இன்னொருத்தன் பெயின்டர். வேலை விட்டதும் அங்கே வந்து தட்டைத்தலையன் பிடிப்பது மூவருக்கும் வழக்கம். பேருக்கு ஏற்ற மீன். தலை சப்பையாக இருக்கும், கன்னத்தில் ரெண்டு பக்கமும் முள், மணல் நிறத்தில் உடம்பு.

தமாசு பைக்கை நிறுத்தியதும் நிறுத்தாததுமாக ஆரம்பித்துவிட்டான்.

"அண்ணே, எங்க மாமியாருக்கு என் வீட்டுக்கு வரணுமாம். நான் டயர் மாத்தறவன், எனக்கென்ன தெரியும்? தட்டைத்தலையன்கிட்டயே கேட்டுடலாம்னு கூட்டிட்டு வந்துட்டேன். இருட்டறதுக்குள்ள இவ ஒண்ணு புடிச்சா கெழவி வரட்டும். புடிக்கலன்னா அந்தப் பேச்ச இத்தோட விட்டுடணும்."

"நீ ஒரு ஆளுய்யா!" என்று டாக்சி அண்ணன் தொடையில் தட்டிச் சிரித்தார். பெயின்டருக்குச் சிரித்ததில் புரையேறிவிட்டது.

அவளுக்கு உடம்பு கூசிப் போயிற்று. பெற்றவளைப் பந்தயத்தில் வைத்து விளையாடுகிறானே, இவனெல்லாம் ஒரு மனுஷனா? ஆனாலும் கை தானாக நீண்டு தூண்டிலை வாங்கிக்கொண்டது. வேறென்ன செய்வாள்?

"இடுப்பளவுத் தண்ணிக்குப் போ. எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் எறி. எறிஞ்சுட்டு ஆடாம அசையாம நில்லு" என்று இறால் துண்டைக் கோத்துக் கொடுத்துச் சொல்லித் தந்தான், பொறுமையாக.

சொன்னது மூன்றும் பொய். தட்டைத்தலையன் ஆழத்துக்குப் போகிற மீனே இல்லை. பொழுது சாய்கிற நேரத்தில் கரையோரம், முழங்கால் தண்ணீரில், மணலுக்குள் புதைந்து கண்ணை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு படுத்திருக்கும். இறால் அதன் மூக்குக்கு முன்னால் மெதுவாக ஊர்ந்து போனால்தான் வாய் திறக்கும். இது தமாசுக்கும் தெரியும், பெயின்டருக்கும் தெரியும். தங்கச்சி தங்கச்சி என்று வாய் நிறையக் கூப்பிடுகிற டாக்சி அண்ணனுக்கும் நன்றாகவே தெரியும். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

அவள் போனை அவன் பையில் போட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள். நாளெல்லாம் நின்ற கால். அலை ஒவ்வொன்றும் வயிற்றில் குத்தியது. எறிந்தாள், நின்றாள், சுருட்டினாள், மறுபடி எறிந்தாள். மூக்கிலும் வாயிலும் உப்புத் தண்ணீர். கரையில் தமாசு காலடியிலேயே ரெண்டு மீன் எடுத்துவிட்டான். அவள் திரும்பிப் பார்க்கிற போதெல்லாம், "இன்னும் தூரமா எறி! உங்கம்மா அங்கதான் நிக்கறா!" என்று கத்தினான். மூன்று பேரும் சிரித்தார்கள். நனைந்து கிடக்கிற கோலத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள், பைத்தியக்காரி.

வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. பெரிய அலை ஒன்று அவளைப் புரட்டிப் போட்டுக் கரைப் பக்கம் தள்ளியது. தட்டுத் தடுமாறி முழங்கால் தண்ணீரில் எழுந்து நின்றபோது, பாதத்துக்கு அடியில் மணல் துள்ளியது. ஒரு முழ நீளத்துக்கு ஏதோ ஒன்று மணலைக் கிளப்பிக்கொண்டு விருட்டென்று ஓடியது. அவள் அப்படியே நின்றாள். பிறகு தலையைத் திருப்பி, புருஷனுடைய தூண்டில் நரம்பு எந்த இடத்தில் தண்ணீருக்குள் இறங்குகிறது என்று முதல் தடவையாகப் பார்த்தாள்.

"அடப்பாவி!" என்று வாய்விட்டே சொன்னாள்.

அவர்களைத் தாண்டிக் கொஞ்ச தூரம் தள்ளிப் போனாள். ஓரத்திலேயே இறாலைப் போட்டு, அவன் இழுப்பது போலவே மணலோடு மணலாக மெல்ல இழுத்தாள். ரெண்டு தடவை ஒன்றுமில்லை. மூன்றாவது தடவை கோல் வெடுக்கென்று வளைந்தது. ரீலைச் சுற்ற அவளுக்குப் பொறுமையில்லை. கோலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து கரையேறினாள். மீன் மணலில் வந்து விழுந்து துடித்தது. தமாசு பிடித்த ரெண்டையும் சேர்த்தாலும் அந்த அளவு வராது. மறுபடி தண்ணீருக்குப் போய்விடுமோ என்ற பயத்தில் பாய்ந்து தலையைப் பிடித்தாள். கன்னத்து முள் உள்ளங்கையில் இறங்கிற்று. உயிர் போகிற வலி. பிடியை விடவில்லை. அம்மாவையே பிடித்துவிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. அழுதாள், சிரித்தாள்.

"அடி சக்கை!" என்று டாக்சி அண்ணன் கை தட்டினார். "தம்பி, தோத்தியா? இனி மாமியாருக்குக் கஞ்சி ஊத்து!"

தமாசு கோபப்படுவான் என்று அவள் நினைத்தாள். அவன் எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தான்.

"வாக்குன்னா வாக்குதான். ஒந்தம்பிக்கு போன் போடு. இப்பவே போடு" என்று பையிலிருந்து போனை எடுத்து, தன் சட்டையில் துடைத்தே கொடுத்தான். பிறகு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, டிவி பார்க்கிறவன் போல எதிரில் வசதியாக உட்கார்ந்தான்.

"தம்பி! அவரு சரின்னுட்டாருடா! அம்மாவ நான் வெச்சுக்கறேன்!"



"என்னக்கா சொல்ற? மத்தியானம் மாமா போன் பண்ணாரே. ரெண்டு பேரும் யோசிச்சோம், எங்களால முடியாதுன்னாரு. போன உங்கிட்ட குடுங்கன்னேன். பக்கத்துலதான் இருக்கா, அழறா, பேச முடியலன்னாரு. அப்புறம் எதுக்கு நாளை வரைக்கும்னு இன்னிக்கே வரச் சொல்லிட்டேன். வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்கக்கா."

"அம்மா... அம்மா என்னடா சொல்லிச்சு?"

"'அவளா சொன்னா?'ன்னு கேட்டுச்சு. ஆமான்னேன். மறுபடி கேட்டுச்சு. மறுபடியும் ஆமான்னேன். அதுக்கப்புறம் எதுவும் கேக்கல."

போனைக் காதிலிருந்து எடுத்தாள். எதிரில் தமாசு வாளி மேல் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணெல்லாம் சிரிப்பு.

"என்ன சொல்றான் ஒந்தம்பி?"

அவளுக்குப் பொய் பேசிப் பழக்கமில்லை. அன்று பேசினாள். "சந்தோஷப்படறான். காலைல அம்மாவக் கொண்டாந்து விடறானாம்."

அவன் சிரிப்பு நின்றது. "அதெப்படி? இன்னிக்கே அனுப்பிடறேன்னு மத்தியானம் எங்கிட்ட சொன்னானே!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. பெயின்டர் குனிந்து இறால் டப்பாவை மூட ஆரம்பித்தான். டாக்சி அண்ணன் கடலைப் பார்த்தார்.

"சும்மா... ஒரு தமாசுக்குத்தான்" என்று அவன் கூட்டாளிகளிடம் சொன்னான். அவளிடம் சொல்லவில்லை.

அவள் நேரே டாக்சி அண்ணனிடம் போனாள். கையிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

"அண்ணே, ஊர்க்கோடில அந்த இல்லம் இருக்கே, அங்க கொண்டு போய் விடுங்கண்ணே. நான் சொல்லலன்னு அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். இப்பவே போகணும்ணே."

மேலே ரோட்டோரம் அவருடைய வண்டி நின்றது. சாவி அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. எல்லாவற்றையும் காதால் கேட்டவர், கண்ணால் பார்த்தவர். அவர் அவள் தலைக்கு மேலாகப் புருஷனைப் பார்த்தார்.

"என்ன தம்பி, கூட்டிட்டுப் போகட்டுமா?"

தமாசு எழுந்து வந்து மணலில் கிடந்த அவளுடைய மீனை வாளியில் போட்டான். "இருட்டிடுச்சேண்ணே. மீன் வேற கெட்டுப் போயிடும். வீட்டுக்குப் போய் வறுத்து வெக்கட்டும். நாளைக்குப் பாக்கலாம்."

டாக்சி அண்ணன் அவள் பக்கம் திரும்பினார். அவளுக்குக் காது இல்லாதது போல அதைத் திருப்பிச் சொன்னார்: "நாளைக்குப் பாக்கலாமாம் தங்கச்சி."

அவள் ஈரத்துணியோடு மணலில் ஏறி ரோட்டுக்கு நடந்தாள். ஊர்க்கோடிக்கு எந்த பஸ் போகும் என்று அவளுக்குத் தெரியாது. டெப்போவில் வேலை பார்க்கிறவனுக்குத் தெரியும், அவன் சொல்லவில்லை.