இலை ஓயும்வரை

அம்பு நாணில் இருக்கிறது, இன்னும் இழுபடவில்லை, அதன் பின்முனைப் பிளவு நாணைக் கவ்வியிருக்கிறது, தண்டு வில்லோடு ஒட்டிக் கிடக்கிறது, இடதுகையின் ஆள்காட்டி விரல் மட்டும் கொக்கிபோல் வளைந்து அதன்மேல் படிந்திருக்கிறது, மற்ற விரல்களெல்லாம் வில்லுக்கு, அந்த ஒரு விரல் அம்புக்கு, வலதுகை சும்மா இருக்கிறது, முள்ளை விலக்குகிறது, கன்னத்தில் உட்கார்ந்த ஈயை ஓட்டுகிறது, ஒருமுறை மூக்கைக்கூடச் சொறிகிறது, ஆனால் அந்த விரல் அசையவில்லை, நான் தீர்த்தனுக்குப் பின்னால் நடந்துகொண்டு அந்த விரலையே பார்க்கிறேன், காலையிலிருந்து பார்க்கிறேன், எத்தனையோ வருஷமாகப் பார்க்கிறேன் என்றும் சொல்லலாம், ஏனென்றால் இப்போது சேலத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மின்விசிறிக்குக் கீழே கண் செருகும்போதும் முதலில் வருவது அந்த விரல்தான், பிறகுதான் காடு வருகிறது, பிறகுதான் ஆட்கள்.

தும்பைக்காடு என்ற அந்த மலையூரில் எனக்கு மழை அளக்கிற வேலை, தினமும் காலையில் செம்புக் குடுவையில் சேர்ந்த தண்ணீரை அளந்து கீழே ஆபீசுக்குச் சொல்லியனுப்ப வேண்டும், தை மாதத்தில் குடுவை காய்ந்து கிடக்கும், அதனால்தான் வேட்டைக்கு வர்றீங்களா மழைக்காரரே என்று அவர்கள் கேட்டபோது வருகிறேன் என்றேன், வேட்டைக்குச் சட்டம் தடை போடாத காலம், தை வேட்டையில் கிடைப்பதைச் சாமிக்கு முன்னால் வைத்துத்தான் ஊர் பங்கு போடும். இரண்டிரண்டு பேராகத்தான் காட்டுக்குள் போவார்கள், ஒருவன் இலை ஊதுகிறவன், இன்னொருவன் அம்பு பிடிக்கிறவன், ஊதுகிறவன் ஓர் இலையை மடித்து உதட்டில் வைத்துக் கேளையாட்டின் குட்டி கத்துவதுபோல் ஊதுவான், நாய்போலக் குரைக்குமே அந்தச் சின்ன மான், அதன் தாய் குட்டியைத் தேடி வெளியே வரும், அம்பு பிடிக்கிறவன் அதற்காகக் காத்திருப்பான். இதில் ஒரு கட்டு உண்டு, அந்த இரண்டு பேரும் மாமன் மச்சானாக இருக்க வேண்டும், அண்ணன் தம்பியைச் சேர்த்து அனுப்பமாட்டார்கள், ஏன் என்று கேட்டேன், அண்ணன் தம்பி ஒருத்தன் தப்பை ஒருத்தன் மறைச்சிடுவான், மாமன் மச்சான் ஊரைக் கூட்டிச் சிரிப்பாங்க, அந்தப் பயத்துக்காவது ஒழுங்கா வேட்டையாடுவான் என்றார் ஊர்க்கவுண்டர். இன்னொன்றும் உண்டு, இலை ஊதத் தொடங்கிவிட்டால் இருவரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது, அம்பு வில்லைவிட்டுப் போகும்வரை இலை ஓயக்கூடாது, இலை ஓய்ந்தால் ஆடு நின்றுவிடும், நின்றால் மோப்பம் பிடிக்கும், அவ்வளவுதான்.

அந்தக் கட்டின்படிதான் அந்த வருஷம் சடையனும் தீர்த்தனும் சேர்ந்து போக வேண்டியிருந்தது, சடையன் ஊதுகிறவன், தீர்த்தனின் அக்கா வெள்ளச்சியைக் கட்டியவன், வெள்ளச்சி ஐப்பசியிலிருந்து தம்பி வீட்டில் இருக்கிறாள், அவளுக்குக் குழந்தை பிறந்து மூச்சு விடாமலே போன அன்று சடையன் கீழே சந்தைக்குப் போனவன் குடித்துவிட்டு எங்கோ விழுந்து கிடந்தான், மறுநாள் மலை ஏறி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது, அன்றிலிருந்து தீர்த்தன் அவனோடு பேசுவதில்லை, அவன் கழுத்தை நெரிக்காம நான் தூங்கினா எங்கம்மா வயித்துல பிறக்கல என்று ஊர் நடுவில் சொன்னவன், அப்படிச் சொன்னவனின் கையில் அம்பைக் கொடுத்து அவனுக்கு முன்னால் சடையனை உட்கார வைக்கிறார்களே என்று நான்தான் யோசித்தேன், வேறு யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

வழியெல்லாம் அவர்கள் என் மூலமாகப் பேசிக்கொண்டார்கள், மழைக்காரரே, முன்னால போறவரைக் கொஞ்சம் மெதுவாப் போகச் சொல்லுங்க, சந்தைக்குப் போற நடையை இங்க நடக்க வேணாம் என்றான் தீர்த்தன், பின்னால வர்றவனுக்குக் காலு நோவுதாமா, அக்கா இடுப்புல தூக்கிட்டு வந்திருக்கலாமே என்றான் சடையன் திரும்பாமலே, நான் எதையும் யாருக்கும் சொல்லவில்லை, சொல்லாமலே இருவருக்கும் கேட்டது. நடுவில் ஓர் ஓடையில் தண்ணீர் குடித்தபோது, அம்பை ஏற்றி வைத்தவன் ஏன் இழுத்துப் பிடிக்கவில்லை என்று கேட்டேன், தீர்த்தன் என்னைப் பார்த்துச் சிரித்தான், இழுத்தே வச்சிருந்தா வில்லு தூங்கிடும் சாரு, கையும் தூங்கிடும், இழுக்கறதும் விடறதும் ஒண்ணா இருக்கணும், நடுவுல நிக்கக்கூடாது, நின்னா நெனப்பு வந்துடும் என்றான், சடையன் குனிந்து தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டான்.

பாறைகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்த ஒரு சரிவு, கீழே புல்வெளி, சடையன் ஒரு பாறையில் முதுகைச் சாய்த்துக் கறுப்புக் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு எங்களைப் பார்த்து உட்கார்ந்தான், நாங்கள் எதிர்ப்பக்கப் புதரில், நடுவில் புல், வெயில் சாய்வாக விழுகிறது, அவன் இலையை மடிக்கிறான், உதட்டில் வைக்கிறான், அந்தச் சத்தம் வருகிறது, நான் அதை எப்படிச் சொல்வது, அது இலையிலிருந்து வருவதாகவே இல்லை, எங்கோ புல்லுக்குள் கால் சிக்கிக்கொண்ட ஒரு குட்டி, பசிக்கிறது, பயமாக இருக்கிறது, அம்மா எங்கே என்று கேட்கிறது, சடையனின் கண் மூடியிருக்கிறது, அவன் கன்னம் உள்ளே போய் வெளியே வருகிறது, நடுவில் விம்மல்போல ஒரு சின்ன இடைவெளி, எனக்கு முன்னால் தீர்த்தனின் தோள் ஒருமுறை குலுங்கியது, அந்தச் சத்தத்தில் அவன் எந்தக் குழந்தையைக் கேட்டான் என்பது எனக்கும் தெரிந்துவிட்டது. ஊதுகிறவனும் அதைத்தான் ஊதினானோ என்னவோ, நெடுநேரம் ஊதினான், ஆடு வரவில்லை, புல் அசையவில்லை, எங்கோ கத்திக்கொண்டிருந்த மைனாக்கள் நின்றுவிட்டன, அதை நான் பிறகுதான் நினைத்துப் பார்க்கிறேன், அப்போது கவனித்தது ஒன்றைத்தான், தீர்த்தனின் வலதுகை நாணுக்கு வந்தது, வில் எழுந்தது, அம்பு இழுபட்டது, காதுவரை இழுபட்டு நின்றது, அதன் முனை சடையனின் முகத்துக்கு நேராக இருந்தது.

நடுவில் நிற்கக்கூடாது என்றவன் நின்றான். சடையன் கண்ணைத் திறந்தான், அம்பைப் பார்த்தான், அம்புக்குப் பின்னால் இருந்த கண்ணைப் பார்த்தான், இலை ஓயவில்லை, குட்டி அதே குரலில் அம்மாவைக் கூப்பிட்டது, என் வாய் திறந்து திறந்தபடியே இருந்தது, வேண்டாம் தீர்த்தா என்று சொல்லத்தான் திறந்தது, சொல்லியிருப்பேன், அப்போது சடையனின் தலைக்குமேல் பாறை மூச்சு விட்டது. பாறை என்று நான் நினைத்திருந்த அந்த மஞ்சளும் கறுப்பும் கலந்த மேடு மெல்ல உயர்ந்து தாழ்ந்தது, அதில் இரண்டு காதுகள் இருந்தன, சிறுத்தை, வயிறு கல்லோடு ஒட்ட, முன்கால்களை மடக்கி, குட்டி கத்துகிற இடத்தைக் குனிந்து தேடிக்கொண்டிருந்தது, அதற்குக் கீழே கம்பளி மட்டும்தான் தெரிந்திருக்கும், அவன் ஊதியது அவ்வளவு நன்றாக இருந்ததால் வந்த சிறுத்தை, அம்பு அவன் காதை ஒட்டி அதன் கழுத்துக்குப் போக இருந்தது, ஆனால் அது ஆட்டுக்கு என்று செய்த ஒல்லி அம்பு, பட்டால் சாகாது, வெறிகொண்டு நேராக அவன் மடியில்தான் விழும், கத்தினால் பாயும், அவன் நகர்ந்தால் பாயும், அதனால் தீர்த்தன் விடவுமில்லை, இறக்கவுமில்லை.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது, அந்த நேரம் எந்த அளவையிலும் சேரவில்லை, வில் முனகியது, மூங்கில் நார் நாராக இழுபடும் சத்தம் எனக்குக் கேட்டது, தீர்த்தனின் முழங்கையிலிருந்து வேர்வை சொட்டியது, ஆனால் முனை ஆடவில்லை, அங்கே புல் இருந்தது, வெயில் இருந்தது, ஒரு மனிதனின் மூச்சு இலையில் குட்டியாகிக்கொண்டிருந்தது, இன்னொரு மனிதனின் மூச்சு நின்றிருந்தது, இரண்டுக்கும் மேலே அந்தத் தலை நிமிர்ந்தது, எங்களைப் பார்த்தது, தீர்த்தனைத்தான் பார்த்தது, நான் அதற்கு ஒரு பொருட்டில்லை, கோயிலில் திரை விலகும் நொடியில்கூட எனக்கு அப்படிக் கைகள் தாமாகக் கூடியதில்லை, அன்று கூடியிருந்தன, பிறகுதான் பார்த்தேன். அது ஏதோ புரிந்ததுபோல உதட்டைச் சற்றுத் தூக்கி இறக்கிற்று, பின்னங்காலை வைத்துப் பின்னால் போயிற்று, திரும்பவே இல்லை, தண்ணீர் கல்லிடுக்கில் இறங்குவதுபோல அப்படியே இறங்கி இல்லாமல் போயிற்று, பாறை வெறும் பாறையாயிற்று.

ஆனால் இலை ஓயவில்லை, எப்படி ஓயும், அம்பு போகும்வரை ஓயக்கூடாது, தீர்த்தனும் பேச முடியாது, இலை ஓயும்வரை பேசக்கூடாது, ஆபத்து போன பிறகும் இருவரும் அந்தக் கட்டுக்குள் மாட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கடைசியில் தீர்த்தன் வில்லைப் பக்கவாட்டில் திருப்பி அம்பை ஒன்றுமில்லாத சரிவில் விட்டான், அது எங்கோ இலைகளில் சரசரத்து விழுந்தது, இலை நின்றது. சடையன் எழுந்திருக்கவில்லை, ஏன் மச்சான் தப்பவிட்ட என்றான், ஐப்பசிக்குப் பிறகு அவனிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு, ஆடா என்றான் தீர்த்தன், அவன் விரல்கள் வில்லைவிட்டுப் பிரியவில்லை, ஆடு எங்க வந்தது, என்னைத்தானே பார்த்துப் பிடிச்ச என்றான் சடையன், தீர்த்தன் போய் அவன் கையைப் பிடித்து எழுப்பிப் பாறைமேல் ஏற்றினான், அங்கே பாறையிடுக்கில் சேர்ந்திருந்த மண்ணில் கால் பதிந்திருந்தது, இன்னும் விளிம்பு உதிராத பெரிய கால், சடையன் அதன்மேல் தன் உள்ளங்கையை விரித்து வைத்துப் பார்த்தான், அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

பின்ன ஏன் மாமா நிறுத்தாம ஊதின, நான் உன்னைத்தான் அடிக்கப்போறேன்னு நெனச்சும் என்று தீர்த்தன் கேட்டான், மாமா என்று அவன் கூப்பிட்டதை மூவருமே கவனித்தோம், சடையன் பாதத்தடத்தைப் பார்த்தபடியே சொன்னான், அன்னைக்குத்தான் வீட்டுல இல்லாம போனேன், இன்னைக்காவது இருக்கற இடத்துல இருப்போம்னு பார்த்தேன், நீ விட்டா விட்டுட்டுப் போ. காற்று வந்தது, மைனாக்கள் மறுபடி கத்தத் தொடங்கின, தீர்த்தன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, காலையில கிளம்பறப்ப நெனச்சுத்தான் வந்தேன் என்றான், எனக்கும் தெரியும் என்றான் சடையன், உன் அக்காவுக்கும் தெரியும், வாசலைத் தாண்டறப்ப அவ உன்னைப் பார்க்கல, உன் கையைப் பார்த்தா. நான் வந்தா அவளை அனுப்புவியா என்றும் கேட்டான், அதை அவகிட்ட வந்து கேளு, நான் அனுப்பறதுக்கு அவ என்ன மூட்டையா என்றான் தீர்த்தன், பிறகு, மழைக்காரரே இதுல எதையும் ஊர்க்கவுண்டர்கிட்ட சொல்லாதீங்க, வெட்டவெளியில அம்பு விட்டான்னு அடுத்த தை வரைக்கும் சிரிப்பானுங்க என்றான், நான் சரி என்றேன், பொழுது இன்னும் இருந்தது, வெறுங்கையோடு போக முடியாது, சடையன் இறங்கி அதே பாறையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான், ஓர் இலையைப் பறித்து மடித்தான், வெறும் காற்று வந்தது, இலை கிழிந்தது, இன்னொன்றைப் பறித்தான், அதுவும் கிழிந்தது, அவசரமில்ல மாமா என்றான் தீர்த்தன்.

இப்போது மின்விசிறி சுற்றுகிறதா நிற்கிறதா தெரியவில்லை, கண்ணுக்குள் வெயில் சாய்வாகத்தான் விழுகிறது, கனவில் நான் அவனுக்குப் பின்னால் இல்லை, சில நாள் பாறைமேல் இருக்கிறேன், மூச்சு விட்டு மூச்சு வாங்குகிறேன், சில நாள் கம்பளிக்குள் இருக்கிறேன், முதுகில் கல் சுடுகிறது, பின்னால் என்ன இருக்கிறது என்று திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை, எதிரே புதரில் ஒருவன் புதிய அம்பை நாணில் ஏற்றுகிறான், இழுக்கவில்லை, ஆள்காட்டி விரலை மட்டும் வளைத்து அதன்மேல் வைக்கிறான், தூங்குகிற குழந்தையின் மார்பில் வைப்பதுபோல அவ்வளவு லேசாக வைக்கிறான், அந்த விரலைப் பார்த்துக்கொண்டே நான் இலையை உதட்டுக்குக் கொண்டுபோகிறேன்.