அண்ணாந்து குடித்த தண்ணீர்

1
இந்தக் கதை நான் சொன்ன ஒரு பொய்யிலிருந்து வந்தது. நான் ஷ்ரேயா, பதினாறு வயது, கிட்வாய் நகர். இரவு இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் மொபைலில் தட்டிக்கொண்டிருக்கிறேன். உள்ளே அப்பாவுக்கு ஆக்ஸிஜன் ஓடுகிறது.

2
முதல் தொடக்கம்: ‘அன்று தில்லியில் புகைமூட்டம்...’
வேண்டாம். புகையின் மேல் பழிபோடப் பார்க்கிறேன். (அம்மாவும் அப்படித்தான்: “இந்த ஊர்க் காத்துதான்டி காரணம்.”)

இரண்டாவது: போன மாதம் அப்பாவுக்குப் பக்கவாதம். புரையேறாமலிருக்க நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையைத் தாழ்த்தி, பவுடர் கலந்து கெட்டியாக்கிய தண்ணீரை ஸ்பூனில் கொடுக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். எங்கள் வீட்டிலோ யாரும் டம்ளரில் வாய் வைப்பதில்லை. அண்ணாந்துதான் குடிப்போம்.

செவ்வாய்க்கிழமை அப்பா குழறியபடி கெஞ்சினார்.
“பசை மாதிரி இருக்குடி. நம்ம தண்ணி ஒரு வாய் ஊத்து.”
“டாக்டர் திட்டுவாருப்பா.”
“அவர்கிட்ட யாரு சொல்லப்போறா? நீயா, சிஐடி?”

சிரித்துவிட்டேன். தலையைப் பின்னால் சாய்த்துப் பிடித்து ஊற்றினேன். அவர் இருமவே இல்லை. அதனால் புதனும் ஊற்றினேன். வியாழக்கிழமை

[இதை முடிக்க முடியவில்லை.]

3
வெள்ளியன்று காய்ச்சல், வேகமான மூச்சு, தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போன்ற குரல். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடியில் வெள்ளையாக ஒரு திட்டு.

டியூட்டி டாக்டர் இந்தியில் கேட்டார், பவுடர் கலக்காமல் எதுவும் கொடுத்தோமா என்று. அம்மா என்னைப் பார்த்தாள்.
“நஹீன்,” இல்லையென்றேன்.
புரையேறியதா?
“நஹீன்.” இது மட்டும் உண்மை.

அப்படியானால் விழுங்குவதில் கோளாறில்லை, சாதாரண நிமோனியாதான் என்றார். மருந்து டிரிப்பில் ஏறுகிறது. காலையில் சாய், அதாவது டீ, கொடுக்கலாமாம்.

4
அப்பாவின் ஆக்ஸிஜனைப் பார்த்துவிட்டு வந்த தமிழ் நர்ஸ் அகல்யாவிடம் கேட்டேன்.
“அக்கா, இருமாமலே தண்ணி நுரையீரலுக்குப் போகுமா?”
“போகும். பக்கவாதம் வந்தா தொண்டைல உணர்ச்சியே இருக்காது சிலருக்கு. தெரிஞ்சா உடனே வாய்வழி எல்லாத்தையும் நிறுத்திட்டு, விழுங்கறத டெஸ்ட் பண்ணுவாங்க. ஏன் கேக்கறே?”
“சும்மா. ஒரு கதை எழுதறேன்.”
அவள் என் முகத்தையே பார்த்தாள்.
“ஆறு மணிக்கு சாய் வந்துரும். அதுக்குள்ள கதைய முடி.”

5
முடிவு அ: சொல்கிறேன். அப்பா பிழைக்கிறார், அம்மா என்னோடு பேசுவதில்லை.
முடிவு ஆ: சொல்கிறேன். ஆனாலும் அப்பா
முடிவு இ: ஆறு மணி. சாய் வருகிறது.

எதையும் நான் எழுதப்போவதில்லை. நீங்களே ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். டாக்டர் அறைக் கதவைத் தட்டிவிட்டேன். உள்ளே நாற்காலி நகரும் சத்தம்.

“டாக்டர் சாப், நான்தான்