இறால் பொரிந்த சத்தம்

நிலானிக்குப் பைத்தியம் என்று பெரியகல்லாறு ஊரே சொன்னாலும் அவள் புருசன் டிலுக்ஷனுக்குக் கோபம் வராது. “கெட்டிக்காரப் பைத்தியம்” என்று திருத்திவிட்டு, வலையைத் தோளில் போட்டுக்கொண்டு தோணிக்குப் போவான். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா?

அவன் மீன் பிடிப்பவன், அவள் சத்தம் பிடிப்பவள். மைக்கைப் பலூனுக்குள் கட்டி வாவிக்குள் இறக்குவாள். கதவுக் கீலையும் விடமாட்டாள். பிடித்ததைக் கணினியில் போட்டு நறுக்கி, இழுத்து, தலைகீழாகத் திருப்பி இசையாக்குவாள். அதில் பாட்டும் இல்லை, தாளமும் இல்லை. டிலுக்ஷனுக்குப் பாதி விளங்காது. ஆனால், ஒரு பழைய கீலுக்குள் அழுகை இருக்கிறதென்று கண்டுபிடித்தவள் தன் மனைவி என்று நினைத்தால் அவனுக்குப் பெருமை தாங்காது.

போன மாதம் அவன் இறால் பொரித்துக்கொண்டிருந்தபோது மைக்கோடு வந்து நின்றாள்.

“கதைக்காமப் பொரியுங்க.”

“இறாலும் பாடுமா புள்ள?”

“பாட வைக்கிறன், பாருங்க.”

பிறகு அவளுடைய இசையை மேடையில் போட்டுக் காட்டச் சொல்லிக் கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது. நிலானி உடனே சம்மதிக்கவில்லை.

“முதல்ல நம்மட சனம் கேக்கட்டும். இடையில எழும்பிப் போனாங்களெண்டா இதை மூடி வைச்சிருவன்.”

சொன்னால் செய்கிற ஆள். டிலுக்ஷன் அன்றைக்கே ஆள் சேர்க்கக் கிளம்பினான்.

அடைமழைக் காலம். வாவி நிரம்பி வயல் வட்டைகளுக்குள் ஏறியிருந்தது. வாவியையும் கடலையும் பிரிக்கும் மணல் திட்டை இன்றைக்கோ நாளைக்கோ வெட்டுவார்கள் என்று ஊரே காத்திருந்தது. முகத்துவாரம் திறந்தால் தண்ணீரோடு இறால் அள்ளுண்டு வரும். முந்தியவனுக்குத்தான் நல்ல இடம். அப்படியான ஒரு பின்னேரம், தேவாலய மண்டபத்தில் நிலானி கணினியின் முன் அமர்ந்தாள். டிலுக்ஷன் கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்த தோணிக்காரர்களால் கதிரைகள் நிரம்பியிருந்தன.

மெல்லிய இரைச்சலாகத்தான் தொடங்கியது. பிறகு தடித்தது. நிலம் அதிர்ந்தது. தண்ணீர் மணலை அறுத்துக்கொண்டு கடலுக்குள் பாயும் அதே உறுமல். டிலுக்ஷனின் கால்கள் தாமாக எழுந்தன.

“முகத்துவாரம் உடைஞ்சிட்டுடோ!”

கத்தியது தான்தான் என்று வெளியே ஓடும்போதுகூட அவனுக்குத் தெரியவில்லை. பின்னால் மண்டபமே ஓடிவந்தது, பாதிப்பேர் செருப்பில்லாமல்.

மணல் திட்டு இருந்தபடியே இருந்தது. அதன்மேல் ஒரு கொக்கு நின்றது.

அப்போதுதான் உறைத்தது. யாருடைய இசையின் இடையில் எழும்பி வந்திருக்கிறான்! வெட்கம் பிடுங்கித் தின்ன, திரும்பி ஓடினான்.

வெறும் கதிரைகளுக்கு முன்னால் நிலானி இருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. கை கணினியின் மூடியில் இருந்தது.

“மூடாத புள்ள!” அவனுக்கு மூச்சு வாங்கியது. “ஆரும் வெறுத்துப் போகல்ல. முகத்துவாரம் உடைஞ்சிட்டெண்டு இடம் புடிக்க ஓடினாங்க. முதல் ஓடினது நான்தான்.”

மீன்பிடிச் சங்கத் தலைவர் யாக்கோப்பு வேர்த்து வழிய வாசலில் வந்து நின்றார். பின்னால் மற்றவர்கள்.

“இது எந்த வருசம் உடைஞ்ச நேரம் புடிச்சது, மகள்?”

“அது முகத்துவாரம் இல்ல மாமா. இவர் இறால் பொரிச்ச சத்தம். நல்லா மெதுவாக்கி, ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்கினது.”

யாக்கோப்பு டிலுக்ஷனை மேலும் கீழும் பார்த்தார். “பொரிச்சவனே ஓடினியாடா?”

மண்டபம் சிரித்து ஓயும்வரை காத்திருந்து, முன் வரிசையில் கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தார்.

“மறுகா முதல்ல இருந்து போடு மகள். இந்தமுறை எழும்புறவன்ட கால ஒடிப்பன்.”

நிலானியின் கண் கலங்கியிருந்தது. சிரித்துக்கொண்டே பொத்தானை அழுத்தினாள். உறுமல் எழுந்தது. டிலுக்ஷன் இரண்டு கையாலும் கதிரையை இறுகப் பிடித்துக்கொண்டான். இறால்தான் என்று தெரியும். அப்படியும் கால் ஓடப் பார்த்தது.